மாதிரி வானூர்தியில் திராட்டில் செர்வோ

திராட்டில் செர்வோ என்பது, வானலை வழியே இயக்கப்படும் மாதிரி வானூர்திகளில் பெட்ரோல் பொறியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் சிறு மின்கருவி ஆகும். தரையில் நிற்பவர் அலைபரப்பியின் கோலை நகர்த்தும்போது, செர்வோவின் கை அதே அளவில் திரும்பி, கார்புரேட்டரின் மடலைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. இவ்விணைப்பு பழுதானால் பொறி கட்டுப்பாடின்றி ஓடக்கூடும் என்பதால், மாதிரி வானூர்தி அமைப்பில் இது முதன்மையான பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வரலாறு

மாதிரி வானூர்திகளுக்கான சிறு பெட்ரோல் பொறிகள் 1930களில் அமெரிக்காவில் பரவலாயின. வால்டர் குட், வில்லியம் குட் ஆகிய உடன்பிறப்புகள் 1937இல் வானலைக் கட்டுப்பாட்டுடன் பறக்கவிட்ட 'கஃப்' என்னும் வானூர்தி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. கோலின் நகர்வுக்கு ஏற்ற அளவில் திரும்பும் செர்வோக்கள் 1960களில் வழக்கிற்கு வந்தன.

செயற்படும் முறை

செர்வோவினுள் ஒரு சிறு மின்னோடி, பற்சக்கரத் தொகுதி, கையின் நிலையை அறியும் மாறுமின்தடை, கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவை உள்ளன. அலைவாங்கியிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் இரண்டு மின்வழங்கலுக்கும், ஒன்று குறிகைக்கும் உரியவை. வழக்கமான செர்வோக்களுக்கு ஏறத்தாழ 20 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பப்படுகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடி எனில் கை நடுவில் நிற்கும். 1 அல்லது 2 மில்லி நொடி எனில் ஒரு முனைக்கோ மறுமுனைக்கோ செல்லும்.

இணைப்பின் வடிவவியல்

கோல் நடுநிலையில் இருக்கும்போது, செர்வோவின் கையும் மடலின் கையும் தள்ளுகோலுக்குச் செங்குத்தாக இருத்தல் வேண்டும். இரு கைகளின் நீளத்தை எளிய கணக்கால் அறியலாம். எடுத்துக்காட்டாக, செர்வோவின் கை 12 மி.மீ. நீளமும் இருபுறமும் 40 பாகைத் திருப்பமும் உடையது எனில், தள்ளுகோல் நகரும் தொலைவு 2 × 12 × சைன் 40 = ஏறத்தாழ 15.4 மி.மீ. ஆகும். மடல் மொத்தம் 75 பாகை திரும்ப வேண்டுமாயின், அதன் கை ஏறத்தாழ 12.7 மி.மீ. இருக்க வேண்டும்.

மடல் முழுதாகத் திறந்த பின்னும் செர்வோ தள்ளிக்கொண்டிருந்தால், அது ஓயாமல் மின்னோட்டத்தை இழுத்து மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். அலைவாங்கியும் மற்ற செர்வோக்களும் அதே மின்கலத்தில் இயங்கினால் வானூர்தி முழுவதும் கட்டுப்பாட்டை இழக்கும். ஆகவே இரு முனைகளிலும் நகர்வின் எல்லையை அலைபரப்பியில் சரிசெய்தல் வேண்டும்.

மடல் திறக்கத் தொடங்கும்போதே காற்றோட்டம் விரைந்து கூடுகிறது. பாதி திறந்த பின் கூடுவது குறைவு. இதனால், கோலின் கீழ்ப்பகுதியில் மடல் மெதுவாக நகருமாறு வளைகோட்டு அமைப்பைப் பயன்படுத்துவது தரையிறக்கத்தை எளிதாக்கும்.

இரைச்சலும் அதிர்வும்

பெட்ரோல் பொறியின் தீப்பொறி வானலை இரைச்சலை எழுப்புகிறது. தள்ளுகோல் உலோகமாயின், இவ்விரைச்சல் அதன் வழியே செர்வோவையும் அலைவாங்கியையும் அடையலாம். எனவே நைலான் போன்ற மின்கடத்தாப் பொருளாலான தள்ளுகோல் விரும்பப்படுகிறது. கரிம இழைக்கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இதற்கு ஏற்றதன்று. தீப்பொறிச் சுற்றுக்குத் தனி மின்கலம் வைப்பதும், அதனை அலைவாங்கியிலிருந்து இயன்றவரை தள்ளி வைப்பதும் வழக்கம். பொறியின் அதிர்வு பற்சக்கரங்களைத் தேய்க்காதிருக்க, செர்வோ இரப்பர் வளையங்களின் மேல் பொருத்தப்படுகிறது.

பாதுகாப்பு

குறிகை அறுபட்டால் செர்வோ எந்நிலைக்குச் செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைக்கலாம். அது பொறியின் மிகக் குறைந்த வேகமாக இருத்தல் வேண்டும். கடைசி நிலையிலேயே நிற்குமாறு விட்டால், வானூர்தி முழு வேகத்தில் கைவிட்டுப் போகக்கூடும். தீப்பொறியை நிறுத்திவிட்டு, அலைபரப்பியை அணைத்து, மடல் மூடுகிறதா எனக் கண்ணால் பார்ப்பதே உரிய சோதனை. தள்ளுகோல் கழன்றால் செர்வோவால் பயனில்லை. கார்புரேட்டரின் சுருள்வில்தான் மடலை மூடும். செர்வோவின் சுமையைக் குறைக்க அவ்வில்லைக் கழற்றுவோரும் உளர்; அவ்வாறு செய்தால், தீப்பொறியை நிறுத்தும் தனி ஆளி இன்றியமையாதது.

ஓர் ஒப்புமை

இதே கொள்கையை அனல்மின் நிலையங்களிலும் காணலாம். நீராவிச் சுழலிக்குச் செல்லும் நீராவியின் அளவை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் செர்வோக்கள் கட்டுப்படுத்துகின்றன. பொதுவாக வால்வைத் திறப்பது எண்ணெய் அழுத்தம், மூடுவது சுருள்வில். அழுத்தம் போய்விட்டால் வால்வு தானே மூடிக்கொள்ளும். சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்து, 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி, 600 மெகாவாட் திறனை எட்டி, 2020இல் மூடப்பட்ட நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையமும் நீராவிச் சுழலிகளால் இயங்கியதே. அளவு வேறாயினும், கட்டுப்பாடு அறுந்தால் பொறி அடங்க வேண்டும் என்னும் விதி ஒன்றே.

இந்தியாவில்

தேசிய மாணவர் படையின் வான் பிரிவில் மாதிரி வானூர்தி அமைத்தல் பயிற்சியின் ஒரு பகுதியாகும். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக, கண்ணுக்கெட்டும் தொலைவில் இயக்கப்படும் 25 கிலோகிராமுக்கு மேற்படாதவற்றை மாதிரி வகையில் அடக்குகின்றன.

இவற்றையும் பார்க்க

உள் எரி பொறி
கார்புரேட்டர்
நீராவிச் சுழலி
நெய்வேலி