கார்ல்ஸ்ரூஹே வெயிலுக்கு இரண்டு பச்சைக் கிளாஸ்

ஜூலை வந்தால் கார்ல்ஸ்ரூஹே எப்படிக் கொதிக்கும் என்று இங்க இருக்கிற ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2003 ஆகஸ்டில் இங்கே 40.2 பாகை பதிவானது. ஜெர்மனியில் அதுவரை அதைவிடக் கூடிய வெப்பம் பதிவானதில்லை. இப்படியான நாளில் பின்னேரம் சிநேகிதர்கள் வந்தால், பால்கனியில் நிற்கும் பசிலிக்கும் செடியே போதும்.

'ஜின் பேசில் ஸ்மாஷ்' என்று ஒரு பானம் இருக்கு. பெயர் ஆங்கிலம் என்றாலும் பிறந்த இடம் ஹாம்பேர்க். அங்குள்ள 'லே லியோன்' பாரில் யோர்க் மேயர் 2008இல் இதைக் கலந்தார். முதலில் அவர் வைத்த பெயர் 'ஜின் பெஸ்டோ'. இலையைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

ஒரு கிளாசுக்குத் தேவையானவை:

- பசிலிக்கும் இலை: 10 முதல் 12
- ஜின்: 40 மி.லி. (பாரில் 60 ஊற்றுவார்கள்)
- தேசிக்காய்ச் சாறு: 25 மி.லி.
- சீனிப்பாகு: 20 மி.லி.
- ஐஸ்

சீனியும் தண்ணியும் சம அளவு எடுத்து, சீனி கரையும்வரை சூடாக்கி ஆறவிட்டால் பாகு தயார். மூடி இறுக்கமான ஒரு ஜாம் போத்தலில் இலையையும் சாற்றையும் போட்டு, மரக்கரண்டியின் அடியால் நன்றாக நசியுங்கள். ஜின், பாகு, ஐஸ் சேர்த்து 15 விநாடி குலுக்குங்கள். தேநீர் வடிகட்டியால் வடித்து, புது ஐஸ் போட்ட கிளாசில் ஊற்றி உடனே குடியுங்கள். வைத்திருந்தால் பச்சை மங்கிப்போகும்.

துளசியும் பசிலிக்கும் ஒரே குடும்பம்தான். ஆனால் துளசியில் கராம்பு வாசம் தூக்கலாக இருக்கும், இரண்டு இலைக்கு மேல் வேண்டாம். சாமிக்கு வைத்த செடியில் கை வைத்தால் அம்மம்மாவிடம் பேச்சு வாங்குவது உங்கள் பாடு!

பிள்ளைகளுக்கும் இதே பானம்தான், ஜின் மட்டும் இல்லை. வடித்த பிறகு சோடா சேருங்கள். வாகனம் ஓட்டுகிறவருக்கும் கர்ப்பிணிக்கும் அதே கிளாஸ்தான்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. தேசிக்காயும் சீனியும் மதுவின் காரத்தை மறைத்துவிடும். 40 சதவீத ஜின் 60 மி.லி. குடித்தால், அரை லீற்றர் பியரில் இருக்கிற அளவு மது உள்ளே போகும். பச்சையாக, குளிராக, இனிப்பாக இருக்கிற கிளாஸை ஒரு சின்னப்பிள்ளை ஜூஸ் என்றுதான் நினைக்கும். ஆகவே ஜின் கிளாஸ் வேறு வடிவமாக, உயரத்தில் இருக்கட்டும். பாதி குடித்ததை மேசையில் விட்டுப் போகாதீர்கள். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் ஃப்ரைபூர்க் நச்சுத் தகவல் மையத்தின் இலக்கம் 0761 19240. மயங்கினால் உடனே 112.

எங்கட அப்பாமார் பலர் கராஜிலயும் குசினி மூலையிலயும் ஒளிச்சுக் குடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிளாஸை மறைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேட்கத்தான் பயம். "இது பெரியாக்களின்ர, இதில மது இருக்கு, அப்பா ஒண்டோட நிப்பாட்டுவன்" என்று சொல்லி, சொன்னபடி நிப்பாட்டினால் பிள்ளை அதையும் பார்க்கும்.

இலை நசிக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அவர்களின் கிளாஸை முதலில் ஊற்றுங்கள். ஜின் போத்தலை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.