யார் சொன்னது? (வரலாற்று இதழுக்குக் கட்டுரை எழுதும் விதம்)



போன வருஷம் இதே சுவரில் நான் எழுதிய ‘நம்ம ஊர்க் கண்மாய்’ கட்டுரை சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சுற்றிலும் தாமரை வரைந்து கலர் அடித்திருந்தேன். அதில் ‘இக்கண்மாயை வெட்டியவன் கரிகால் சோழன்’ என்று எழுதியிருந்தேன். வரலாற்று டீச்சர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் சின்னதாக ‘யார் சொன்னது?’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு குடமுழுக்கு மலரில் பார்த்து எழுதியது அது. மலரில் எழுதியவருக்கு யார் சொன்னார்கள்? அதைத் தேடினால் அதில் இல்லை.

இந்த வருஷம் கோடையில் கண்மாய் வற்றியபோது குமிழித் தூம்பின் கல்தூணில் எழுத்து தெரிந்தது. (குமிழித் தூம்பு தெரியாதவர்களுக்கு: கண்மாய்க்குள் நிற்கிற ரெண்டு தூணும், நடுவில் குறுக்குக் கல்லும்தான். அடியில் கல்தொட்டி இருக்கும். மேலே உள்ள துளையில் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். பக்கத்துச் சின்னத் துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து வெளியேறும். நம்ம புதுக்கோட்டைச் சீமையில் இது நிறைய உண்டு.) அந்தத் தூணில் எழுத்து இருக்கு என்று முதலில் சொன்னது எங்க அப்பத்தா. ‘நாங்க துணி துவைக்கிற காலத்துல தடவிப் பாத்திருக்கோம்டி’ என்றார்கள். டீச்சரிடம் சொன்னேன். அதை ஒரு வட்டார வரலாற்று இதழுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்பலாம் என்றார்கள். நானும் கூட இருந்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை எழுதுவது இல்லை, தேடுவது. இந்தக் கல்வெட்டை ஏற்கெனவே யாராவது படித்து அச்சில் போட்டிருந்தால், நாம் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று எழுதினால் கேவலம். நமக்கு நல்ல வசதி ஒன்று இருக்கு. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தபோதே ஊர் ஊராகக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, 1929-ல் பெரிய புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் எண் உண்டு. டீச்சரும் நானும் நூலகத்தில் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பிறகு மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள். அது 1887-லிருந்து வருது. நாம் பாடத்தில் படிக்கிற உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள்கூட அதில் 1898-ஆம் ஆண்டின் 1, 2 ஆகிய எண்கள்தான். இப்படி ஆண்டும் எண்ணும் சொல்லிவிட்டால் எந்த ஊரில் உட்கார்ந்திருப்பவரும் அதை எடுத்துப் பார்க்கலாம். ‘உத்தரமேரூர்க் கல்வெட்டில் உள்ளது’ என்று மட்டும் எழுதினால், அந்தக் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு, எதைப் பார்ப்பது?

நம்ம கல் இரண்டிலும் இல்லை. ‘பார்த்தவரையில் இல்லை’ என்று எழுதச் சொன்னார்கள் டீச்சர்.

அடுத்தது படிப்பது. கல்லைச் சுரண்டக் கூடாது, இரும்பு பிரஷ் போடக் கூடாது, பெயின்ட் கூடவே கூடாது. தண்ணீரும் தென்னந்தும்பும் போதும். டீச்சருக்குத் தெரிந்த சார் ஒருவர் வந்து படி எடுத்தார். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், எழுத்து வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் வரும். அன்றைக்கு ராத்திரியே டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தும் பார்த்தோம். பகலில் தெரியாத ஒரு கோடு நிழலில் தெரிந்தது!

கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ வித்தியாசமும் ஒ, ஓ வித்தியாசமும் தெரியாது. அதனால் ஒரே வார்த்தையை ரெண்டு மூணு விதமாகப் படிக்க முடியும். இதற்கென்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். கல்லில் எத்தனை வரியோ அத்தனை வரியாக, எண் போட்டு எழுத வேண்டும். சிதைந்த எழுத்தை நாமாக ஊகித்தால் பகர அடைப்புக்குள் போட வேண்டும். எழுத்து அடியோடு போயிருந்தால் புள்ளிகள்தான். படிக்கிறவருக்கு, கல்லில் இருப்பது எது, நம்ம ஊகம் எது என்று பார்த்தவுடன் தெரியணும்.

இங்கேதான் எனக்குச் சோதனை வந்தது.

நம்ம கல்லில் மூணு வரி. முதலில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’. நடுவில் ‘இத்தூம்பு’. கடைசியில் ‘செய்வித்த’ என்பதும், அதற்குப் பிறகு செய்வித்தவர் பெயரும். அந்தப் பெயரில் முதல் ரெண்டு எழுத்துதான் இருக்கு. மிச்சம் உடைந்துபோச்சு. எங்க பெரியப்பா தாளைப் பார்த்துவிட்டு, ‘இது நம்ம வகையறாப் பேருதான் தாயி. ரெண்டு எழுத்து சரியா இருக்குல்ல, மிச்சத்த சேத்து எழுதிரு. உன் கையிலதானே இருக்கு’ என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்க ஆள் தூம்பு கட்டினார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதே ரெண்டு எழுத்தில் ஆரம்பிக்கிற பெயர் நம்ம வகுப்பிலேயே அஞ்சு பேருக்கு இருக்கு. அடுத்த தெருவில் உள்ள வகையறாவும் அதையே சொல்லலாம். அப்புறம் மடைத் தண்ணீர் விடுகிறபோது ‘அச்சிலேயே வந்திருக்கு, எங்க கண்மாய்’ என்று யாராவது வந்து நின்றால்? நான் புள்ளிதான் வைத்தேன். பெரியப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை.

காலக்கணக்கிலும் தப்பு வரும். சக ஆண்டு இருந்தால் 78 கூட்டினால் கி.பி. வரும். சகம் 1500 என்றால் 1578. அரசனின் ஆட்சியாண்டு இருந்தால் கவனம் வேண்டும். ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வந்தார். அவருடைய 29-ஆம் ஆண்டு எது? நான் டக்கென்று கூட்டி 1014 என்றேன். 985-லேயே முதலாம் ஆண்டு தொடங்கிவிட்டதால் 1013-14 என்று எழுதுவதே சரி. நம்ம தூணில் அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்து ‘10-ஆம் நூற்றாண்டு எனலாம்’ என்று எழுதினோம். அந்த ‘எனலாம்’-ஐ நான் விட்டுவிட்டேன். டீச்சர் திரும்பச் சேர்த்தார்கள்.

இனி அடிக்குறிப்பு. புத்தகத்திலிருந்து எடுத்தால் ஆசிரியர், நூல், வெளியிட்டவர், ஊர், ஆண்டு, பக்கம் எல்லாம் வேண்டும். ஒரு பக்கம் என்றால் ‘ப.’, பல பக்கம் என்றால் ‘பக்.’. அடுத்த குறிப்பும் அதே நூல் என்றால் ‘மேலது’ என்று போட்டால் போதும். ஆண்டு என்பது நாம் கையில் வைத்திருந்த பதிப்பின் ஆண்டு. மறுபதிப்பில் பக்கம் மாறிவிடும், அதனால்தான். ஒருத்தர் புத்தகத்தில் இன்னொருத்தர் சொன்னதைப் பார்த்தோம் என்றால், அந்த இன்னொருத்தரை நேரில் படித்ததுபோல எழுதக் கூடாது. அவரைத் தேடிப் படிக்கணும், இல்லையென்றால் யார் வழியாகப் பார்த்தோம் என்று சொல்லணும்.

இது எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் சித்தன்னவாசலை நினைத்துப் பாருங்கள். நாம் சுற்றுலா போனோமே. அந்த ஓவியங்களை எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் தம் புதுக்கோட்டை வரலாற்று நூலில் குறிப்பிட்டார். பிறகு வந்த அறிஞர்கள் பல்லவன் மகேந்திரவர்மன் காலம் என்றார்கள். அதற்கப்புறம் அங்கே உள்ள பாண்டியர் கல்வெட்டைப் படித்ததில், 9-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்த செய்தி தெரிந்தது. ஆனாலும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதுவதால் இன்னமும் சிலர் ‘மகேந்திரவர்மன் வரைந்தது’ என்றே எழுதுகிறார்கள். அடிக்குறிப்பு இருந்தால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய், எங்கே தப்பு ஆரம்பித்தது என்று பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் என் கரிகாலன் கதைதான்.

வாய்மொழிச் செய்திக்கும் குறிப்பு உண்டு. அந்தத் தூம்பு நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததாகவும், ஒரு பெண் வந்து கைவைத்த பிறகுதான் நின்றதாகவும் அப்பத்தா ஒரு கதை சொல்வார்கள். அதைக் கல்வெட்டுச் செய்தியோடு கலக்காமல், தனிப் பத்தியாக ‘ஊரில் வழங்கும் கதை’ என்று எழுதினோம். சொன்னவர் பெயர், வயது, ஊர், எந்தத் தேதியில் சொன்னார் என்று கீழே போட வேண்டும். சொன்னவரிடம் சம்மதமும் கேட்க வேண்டும்.

அப்பத்தா முதலில் சம்மதிக்கவே இல்லை. ‘எம் பேர எதுக்குடி போடுற, நாளைக்குக் கோர்ட்டுல கூப்புடுவானா?’ என்றார்கள். கல்லைக் காட்டினவங்க பேரு இல்லாமல் கட்டுரை போகாது என்று டீச்சரே வீட்டுக்கு வந்து சொன்னார்கள். டீ குடித்துக்கொண்டே நான் குறிப்பை வாசித்துக் காட்டினேன். வயது 78 என்று எழுதியிருந்தேன்.

‘எழுபத்தெட்டா? யாரு சொன்னது?’ என்றார்கள் அப்பத்தா.

டீச்சர் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. கடைசியில் ரேஷன் கார்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்து, ‘வயது 74 (குடும்ப அட்டைப்படி)’ என்று மாற்றி எழுதி, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.