விலைக்கு வாங்கிய சிபாரிசு

2013 பிப்ரவரி, மூன்றாவது வாரம். பிரிட்டனில் காதலர் தின வியாபாரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மார்ச் 10 அந்த நாட்டு அன்னையர் தினம். பூ விற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சீசன் கிடையாது. அந்த நேரம் பார்த்து, இன்டர்ஃப்ளோரா என்ற பெரிய பூ விற்பனை நிறுவனத்தின் இணையதளம் கூகுள் தேடலில் காணாமல் போனது. பூ என்று தேடினாலும் இல்லை. அதன் சொந்தப் பெயரைத் தட்டித் தேடியவர்களுக்கும் அது கண்ணில் படவில்லை.

அந்த நிறுவனம் பிரிட்டனின் வட்டாரச் செய்தித்தாள்களின் தளங்களில் காசு கொடுத்து ஏராளமான விளம்பரக் கட்டுரைகளை வெளியிட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் அதன் தளத்துக்கு லிங்க். கூகுள் யார் பெயரையும் வெளியே சொல்லவில்லை. லிங்க் விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்று மட்டும் அந்த வாரமே ஒரு பொது நினைவூட்டல் போட்டது. கட்டுரைகளை வெளியிட்ட செய்தித்தாள் தளங்கள் பலவற்றுக்குக் கூகுள் தந்திருந்த மதிப்பெண்ணும் சரிந்தது. (இதை ஒரு செய்தித்தாளில் எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.) 11 நாள் கழித்து, அன்னையர் தினத்துக்குச் சற்று முன்பாக, இன்டர்ஃப்ளோரா பழைய இடத்துக்குத் திரும்பியது. உட்கார்ந்து அத்தனை லிங்க்கையும் கழற்ற அதற்கு ஆள் இருந்தது. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு அந்த வசதி ஏது?

வெப்சைட் வைத்திருக்கும் சிறு வியாபாரிகள் பலருக்கு வாட்ஸ்ஆப்பிலோ மெயிலிலோ ஒரு விளம்பரம் வந்திருக்கும்: சில நூறு ரூபாய்க்கு ஆயிரக்கணக்கான பேக்லிங்க், ஒரே மாதத்தில் கூகுளின் முதல் பக்கம். பேக்லிங்க் என்றால் வேறொருவர் தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு. அது உங்களை மேலே தூக்கும் என்பது உண்மை. ஆயிரக்கணக்கில் விலைக்கு வருவது தூக்காது என்பதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொள்ளக் கூகுள் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

லேரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது, 1996-இல் தங்கள் தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே 'பேக்ரப்'. ஒரு பக்கத்துக்குப் பின்னாலிருந்து வரும் இணைப்புகளை அது ஆராய்ந்ததால் வந்த பெயர் அது. அன்றைய தேடுபொறிகள் ஒரு பக்கத்தில் தேடிய சொல் எத்தனை முறை இருக்கிறது என்பதையே பெரிதும் பார்த்தன. அந்தச் சொல்லையே நூறு தடவை எழுதி வைத்தவர் ஜெயித்தார். இந்த இருவரும் விஞ்ஞானிகளின் வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் சுட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் செல்வாக்கை அளப்பது அறிவியல் உலகில் ஏற்கெனவே இருந்த முறை. யூஜின் கார்ஃபீல்டு 1960-களிலேயே அதற்கென்று ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டு வந்தார். இணையத்தில் லிங்க்தான் அந்தச் சுட்டல்.

அவர்கள் அதோடு நிற்காமல் வைத்த கணக்குதான் பேஜ்ரேங்க். எல்லா லிங்க்கும் சமமில்லை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறதோ, அதை அந்தப் பக்கம் தான் கொடுக்கும் லிங்க்குகளுக்குப் பங்கு போடுகிறது. பலரும் சுட்டுகிற பக்கம் ஒன்று மூன்று தளங்களை மட்டும் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் கணிசமான பங்கு. யாருமே சுட்டாத பக்கம் ஒன்று ஐந்நூறு தளங்களை அடுக்கி வைத்திருந்தால் ஆளுக்குக் கிடைப்பது தூசி. 1998-இல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கணக்கு விளக்கப்பட்டிருக்கிறது. லிங்க்கைச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒரு கற்பனை வாசகர், அவ்வப்போது சலித்துப்போய் வேறெங்கோ தாவுகிறார். அவர் ஒரு பக்கத்துக்கு வந்து சேரும் வாய்ப்புதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. அவர் லிங்க் வழியே தொடர்ந்து போவதற்கான வாய்ப்பை வழக்கமாக 0.85 என்று வைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கு இன்று கூகுளின் எத்தனையோ அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. அடிப்படை எண்ணம் மாறவில்லை: லிங்க் என்பது ஒருவர் தன் வாசகரிடம் 'அங்கே போய்ப் பார்' என்று சொல்லும் சிபாரிசு. மலிவு விலை லிங்க் வரும் பக்கங்களுக்கு வாசகரே கிடையாது. சிபாரிசைக் கேட்க ஆளில்லாத இடத்தில் நின்று சிபாரிசு செய்வதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

சிபாரிசுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் கள்ளச் சிபாரிசு வந்தது. கருத்துப் பெட்டிகளில் மருந்து விளம்பரமும் சூதாட்ட முகவரியும் குவிந்தன. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றன. ஒரு லிங்க்கில் அந்தக் குறி இருந்தால் 'இதற்கு நான் பொறுப்பில்லை' என்று தளக்காரர் சொல்வதாக அர்த்தம். 2019-இல் காசு வாங்கிப் போட்ட லிங்க்குக்கு 'ஸ்பான்சர்டு' என்று தனிக் குறி வந்தது. ஆகவே விளம்பரம் கொடுப்பது குற்றமில்லை. கொடுத்த விளம்பரத்தை மனமுவந்த சிபாரிசு போலக் காட்டுவதுதான் குற்றம்.

அமெரிக்காவின் ஜேசிபென்னி கதை இதற்கு நல்ல பாடம். துணியிலிருந்து ஃபர்னிச்சர் வரை விற்கும் பெரிய கடை அது. 2010 இறுதியில், பண்டிகைக்கால வியாபாரம் சூடு பிடித்த மாதங்களில், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் அதுவே முதலில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு நிபுணர் துருவிப் பார்த்தார். குறட்டை, மீன்பிடித்தல், குளியலறை டைல்ஸ், பல் மருத்துவம் என்று துணிக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களின் மூலைகளில் ஜேசிபென்னிக்கு லிங்க் ஒட்டியிருந்தது. அவர் கண்டுபிடித்த பக்கங்கள் மட்டும் 2,015. எல்லாவற்றிலும் லிங்க்கின் மேல் இருந்தவை 'ஈவினிங் டிரஸ்', 'கேஷுவல் டிரஸ்' மாதிரியான தேடல் சொற்கள். 2011 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது, கூகுள் ஏற்கெனவே தண்டனையைத் தொடங்கியிருந்தது. முதலிடத்தில் இருந்த சொற்களுக்கு அந்தக் கடை எழுபதாவது இடத்தை ஒட்டிப் போய் விழுந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, எஸ்இஓ வேலை, அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, பார்த்த நிறுவனத்தை நீக்கினார்கள்.

எது காட்டிக்கொடுத்தது என்று கவனியுங்கள். தளங்களின் பொருத்தமின்மை ஒன்று. எல்லா லிங்க்கும் ஒரே மாதிரி விற்பனைச் சொல்லைச் சுமந்திருந்தது இன்னொன்று. மனிதர்கள் தாமாக லிங்க் கொடுக்கும்போது கடைப் பெயரை எழுதுவார்கள், முகவரியை அப்படியே ஒட்டுவார்கள், 'இங்கே பார்க்கலாம்' என்பார்கள். 'கோவையின் சிறந்த குறைந்த விலை மாடுலர் கிச்சன்' என்று நாற்பது பேர் எழுத்துப் பிசகாமல் எழுதுவது நடக்கிற காரியமா?

2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இத்தகைய தளங்களைக் கூட்டமாகக் கீழே இறக்கியது கூகுள். 2016 செப்டம்பர் முதல் அதன் போக்கு சற்று மாறியது: கெட்ட லிங்க்குக்காகத் தளத்தைத் தண்டிப்பதைவிட, அந்த லிங்க்கையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. ஆட்கள் நேரில் ஆராய்ந்து விதிக்கும் தண்டனை இன்னமும் உண்டு. பெரும்பாலோர் இன்று இழப்பது கொடுத்த பணத்தைத்தான். போட்டியாளர் வேண்டுமென்றே நம் தளத்துக்குக் குப்பை லிங்க் அனுப்பிவிட்டாரே என்று பயப்படுபவர்களுக்கும் இதில் ஆறுதல் இருக்கிறது.

அப்படியென்றால் சிறு கடைக்கு நல்ல லிங்க் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் கடையின் கணக்கு நோட்டைத் திறக்கலாம் என்பது என் கட்சி. யாரிடம் சரக்கு எடுக்கிறீர்கள், யாருக்குச் சரக்கு போடுகிறீர்கள், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மோட்டார் கம்பெனியின் தளத்தில் டீலர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் கடைப் பெயரும் பழைய போன் நம்பரும் மட்டும் இருக்கும். தொழில் சங்கத்தின் உறுப்பினர் பக்கத்தில் வெப்சைட் என்ற கட்டம் காலியாகக் கிடக்கும். நீங்கள் பொருத்திக் கொடுத்த சோலார் பேனலைப் பற்றி ஒரு பள்ளி தன் தளத்தில் பெருமையாக எழுதியிருக்கும், உங்கள் முகவரி இருக்காது. இவர்களெல்லாம் உங்களை அறிந்தவர்கள். இவர்களிடம் 'தங்கள் இணையதளத்தைக் கண்டு வியந்தேன்' என்று மெயில் எழுதத் தேவையில்லை. போனைப் போட்டு, "அண்ணே, உங்க சைட்ல டீலர் லிஸ்ட்ல நம்ம கடை அட்ரஸ் பழசாவே இருக்கு. அதை மாத்தும்போது அப்படியே நம்ம வெப்சைட் லிங்க்கையும் போட்டுடச் சொல்லுங்க" என்றால் முடிந்தது.

அடுத்தது கொஞ்சம் உழைப்பு கேட்கும். மற்றவர்கள் சுட்டிக்காட்டத் தகுந்த ஒரு பக்கமாவது உங்கள் தளத்தில் இருக்க வேண்டும். 'எங்களைப் பற்றி', 'எங்கள் தரமே எங்கள் அடையாளம்' ஆகியவற்றை யாரும் சுட்டமாட்டார்கள். போர்வெல் மோட்டார் விற்பவர், எத்தனை அடி ஆழத்துக்கு எத்தனை ஹெச்பி, எத்தனை ஸ்டேஜ், என்ன அளவு பைப், என்ன கேபிள் என்று தன் அனுபவத்தை ஒரு அட்டவணையாகப் போடட்டும். பட்டுச் சேலை விற்பவர், சேலையை மடித்து வைப்பது, கறை எடுப்பது, ஜரிகை கறுத்தால் என்ன செய்வது என்று படத்தோடு எழுதட்டும். விவசாயத்தைப் பற்றி எழுதுபவரும், கல்யாண ஏற்பாடு குறித்துக் குறிப்பு தருபவரும் அதைச் சுட்டுவார்கள். தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பக்கங்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் நடைமுறைத் தகவலைத் தேடுகிறவருக்கு நம்பத்தகுந்த பக்கம் கிடைப்பதே அரிது. போட்டி குறைவான இடத்தில் கடை போடுவதை வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு தடை இருக்கிறது. நம் ஊரில் சிபாரிசு பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான் நடக்கிறது. உங்கள் அட்டவணையைப் பத்துக் குழுக்களில் ஃபார்வேர்டு செய்தாலும் கூகுளுக்கு அது தெரியாது. தனிப்பட்ட செய்திகளுக்குள் அதன் தேடல் போவதில்லை. வாடிக்கையாளர் வருவார், லிங்க் வராது. அதனால் அட்டவணையைப் படமாக மட்டும் அனுப்பாமல், தளத்தின் பக்க முகவரியோடு அனுப்புவது உத்தமம். குழுவில் இருக்கும் யாராவது ஒருவர் தன் தளத்தில் எழுதும்போது சுட்ட ஒரு இடம் வேண்டுமே.

எல்லாருக்கும் இது முதல் வேலையா என்றால், இல்லை. தெருமுனை டிபன் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் முதலில் தேவை கூகுள் மேப்பில் சரியான இடம், சரியான நேரம், நல்ல படம், உண்மையான ரிவ்யூ. அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. லிங்க் அதில் மூன்றாவதற்குள் ஒரு பகுதி. வெளியூருக்கு விற்பவருக்கும், பலர் போட்டியிடும் பொருளை விற்பவருக்கும்தான் லிங்க் பெரிய விஷயம்.

ஏஜென்சியிடம் வேலையைக் கொடுப்பதானால் ஒரே நிபந்தனை போதும்: எந்தெந்தத் தளத்தில் லிங்க் பெற்றுத் தந்தார்கள் என்ற பட்டியலை மாதாமாதம் கொடுக்க வேண்டும். அதில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். கூகுள் என்று ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தில் உங்கள் கடை முகவரி இருப்பதற்கு நியாயம் இருக்கிறதா என்று யோசித்தாலே தெரிந்துவிடும். 'டிஏ 60', 'டிஆர் 70' என்று எண்களைக் காட்டினால் அசர வேண்டாம். அவை மோஸ், ஏஹெச்ரெஃப்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் மதிப்பீடுகள். கூகுள் கொடுப்பவை அல்ல. கூகுளின் சொந்தக் கருவியான சர்ச் கன்சோல் இலவசம். உங்களுக்கு லிங்க் தரும் தளங்களில் முக்கியமானவற்றையும், தண்டனை ஏதும் விழுந்திருந்தால் அதையும் அதிலேயே காணலாம்.

இத்தனை லிங்க்கும் வந்து சேர்வது உங்கள் டொமைன் பெயருக்கு. பெயரை மாற்றிப் புதுத் தளம் கட்டுகிறவர்கள், பழைய முகவரியின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் '301' ஏற்பாட்டைச் செய்யாவிட்டால், சேர்த்ததெல்லாம் வீணாகும். டொமைன் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். நல்ல லிங்க்குகள் உள்ள காலாவதியான டொமைன்களைத் தேடி வாங்குவதே சிலருக்குத் தொழில். நேற்றுவரை பாத்திரக் கடையாக இருந்த முகவரியில் இன்று ரம்மி விளம்பரம் ஓடும். 2024 மார்ச்சில் கூகுள் இதையும் விதிமீறல் பட்டியலில் சேர்த்தது, ஆனாலும் கைவிட்டுப் போன பெயர் கடைக்காரருக்குத் திரும்பி வராது. உங்கள் டொமைன் யார் பெயரில், யாருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல கடைகளில் அது வெப்சைட் செய்து கொடுத்த பையனின் மெயிலில் இருக்கும்; அவர் வேலை மாறிப் பெங்களூருக்குப் போயிருப்பார்.