பதம் பார்க்காத பானை

சோறு வடித்துப் பழகிய தமிழ்நாட்டுச் சமையலில், உலை கொதித்து அரிசி மேலும் கீழுமாகப் புரளத் தொடங்கியதும் அன்னவெட்டியில் இரண்டு பருக்கைகளை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்ப்பவர் அரிசியிடமே விடை கேட்கிறார். நடுவில் வெள்ளைப் புள்ளி தென்பட்டால் இன்னும் வேக வேண்டும் என்றும், முழுவதும் ஒரே மென்மையாக நசுங்கினால் கஞ்சியை வடித்துவிடலாம் என்றும் அந்தப் பருக்கை சொல்லிவிடுகிறது. மின்சார ரைஸ் குக்கர் அரிசியிடம் எதையும் கேட்பதில்லை. பாத்திரத்தின் அடியில் நீர் இன்னும் இருக்கிறதா, வற்றிவிட்டதா என்ற ஒன்றை மட்டுமே அறியும் அக்கருவி, நீர் வற்றிய கணத்தைச் சோறு வெந்த கணமாக எடுத்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிடுகிறது. இந்தக் குறுகிய அறிவைப் புரிந்துகொண்டு அதற்கேற்ப நீரை அளந்து ஊற்றுபவருக்கு அது நம்பகமான வேலையாள். புரிந்துகொள்ளாதவருக்கோ, ஒரே அரிசியை ஒரு நாள் குழைத்தும் மறுநாள் விறைக்க வைத்தும் தரும் புதிர்.

நீர் வற்றுவதை வேலை முடிந்ததன் அடையாளமாகக் கொள்ளும் எண்ணம் ஜப்பானில் பிறந்தது. முதல் முயற்சியில் அது தோற்றும் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு டோக்கியோவில் மசாரு இபுகா தொடங்கிய, பின்னாளில் சோனி என்று பெயர் பெற்ற சிறு தொழிற்கூடம், மரத்தொட்டி ஒன்றின் அடியில் அலுமினிய மின்வாய்களை, அதாவது மின்னோட்டம் நீருக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் வழியாக அமையும் உலோகத் தகடுகளை, பொருத்தி ஒரு குக்கரைச் செய்தது. ஈரமான அரிசியின் ஊடாகவே மின்சாரம் பாய்ந்து அதைச் சூடாக்கும், வெந்து ஈரம் குறைந்ததும் பாய வழியின்றித் தானே நின்றுவிடும் என்பது கணக்கு. கணக்கு அழகானதுதான், ஆனால் அரிசியின் ரகமும் ஊற்றும் நீரின் அளவும் மாறும்போதெல்லாம் ஒரு நேரம் வேகாமலும் இன்னொரு நேரம் கூழாகவும் இறங்கியதால், அந்தத் தொட்டி கடைக்கு வராமலே கைவிடப்பட்டது.

விற்பனையில் வென்ற முதல் தானியங்கிக் குக்கரை 1955 டிசம்பர் 10 அன்று தோஷிபா நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முன்பும் மின்சாரத்தில் சோறாக்கும் பாத்திரங்கள் இருந்தன என்றாலும், அவற்றில் மின்சாரம் விறகின் இடத்தைப் பிடித்ததே தவிர, பக்கத்தில் நின்று காவல் காக்கும் வேலை ஒழியவில்லை. சலவை இயந்திரம் விற்கும் பணியில் இருந்த தோஷிபா ஊழியர் ஷோகோ யமாடா, துணி துவைப்பதைவிட நாள்தோறும் சோறாக்குவதே பெரும்பாடு என்று இல்லத்தரசிகள் சொல்லக் கேட்டு, தானே அணையும் குக்கரை உருவாக்கும் பொறுப்பை யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்கூட உரிமையாளரிடம் ஒப்படைத்தார். மினாமிக்கு அதுவரை சோறாக்கிப் பழக்கமில்லை. அவருடைய மனைவி ஃபுமிகோதான் பானையில் சோறாக்கி, நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்து, மீண்டும் மீண்டும் சோதித்து, கொதிநிலையை எட்டிய பின் சுமார் 20 நிமிடம் அந்தச் சூடு நிலைத்தால் அரிசி நன்றாக வேகிறது என்ற அடிப்படை அளவை வகுத்துக் கொடுத்தார். கருவியின் வரலாற்றில் பொறியாளர்களின் பெயர்களுக்குக் கீழே வைக்கப்படும் இந்த உழைப்புதான் உண்மையில் அதன் இதயம் என்று கருத இடமுண்டு.

அந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் கொண்டு அளந்திருந்தால், அரிசி கூடும்போதும் அறை குளிரும்போதும் கணக்கு பொய்த்திருக்கும். ஆகவே மினாமி ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளை நீரை ஊற்றச் செய்தார். அந்நீர் ஆவியாகித் தீர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது, தீர்ந்ததும் சட்டென ஏறும். அந்த ஏற்றத்தில், சூட்டால் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அன்றைய பட்டதாரி ஒருவரின் முதல் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கான 3,200 யென் விலையிட்டு முதலில் 700 குக்கர்களே செய்யப்பட்டன; ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே ஜப்பானிய வீடுகளில் ஏறத்தாழ பாதி அதை வாங்கியிருந்தன. போட்டியில் இறங்கிய மட்சுஷிடா நிறுவனம் 1979-இல் நுண்கணினி பொருத்திய குக்கரையும், 1988-இல் பாத்திரத்தையே காந்தப்புலத்தால் சூடாக்கும் தூண்டல் வகையையும் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தின் கூட்டு முயற்சியாக 1980-களின் இறுதியில் சென்னையில் குக்கர் உற்பத்தி தொடங்கியது.

இன்று தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் ஒற்றை விசைக் குக்கரில் வெளிப்பாத்திர நீர் இல்லை. அரிசியோடு இருக்கும் நீரே அந்த வேலையைச் செய்கிறது. உட்பாத்திரத்தை வெளியே எடுத்தால் வெப்பத்தட்டின் நடுவில், விரலால் அழுத்தினால் உள்ளிறங்கி மீளும் சிறிய வட்டக் குமிழ் ஒன்றைக் காணலாம். அதற்குள் இருப்பது ஃபெரைட் எனப்படும் இரும்பு ஆக்சைடுக் கலவை. எந்தக் காந்தப் பொருளும் தனக்குரிய ஒரு சூட்டைத் தாண்டினால் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். பிரெஞ்சு அறிஞர் பியர் கியூரியின் பெயரால் கியூரி வெப்பநிலை என்று வழங்கும் அந்த வரம்பு, இக்குமிழில் உள்ள கலவைக்கு 100 டிகிரிக்குச் சற்று மேலே அமையும்படி தயாரிக்கப்படுகிறது. விசையைக் கீழே தட்டும்போது ஒரு சிறு காந்தம் மேலெழுந்து ஃபெரைட்டோடு ஒட்டிக்கொள்ள, மின்சாரம் முழு அளவில் பாய்கிறது. நீர் வற்றி அடிச்சூடு ஏறியதும் பிடி விட்டுப்போய், சுருள்வில் காந்தத்தைக் கீழே இழுக்க, ‘டக்’ என்ற ஒலியோடு விசை மேலேறுகிறது. மின்னணுச் சில்லு எதுவும் இல்லாத இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் பழுதின்றி ஓடுவதற்குக் காரணம், அதில் பழுதாக அதிகம் எதுவும் இல்லை என்பதே.

வீட்டில் நிகழும் பெரும்பாலான தவறுகளுக்கு விளக்கம் இந்தக் குமிழிலேயே இருக்கிறது. பாத்திரத்தின் அடியைத் துடைக்காமல் வைத்தாலோ, தட்டில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தாலோ, குமிழும் பாத்திரமும் சரிவரத் தொடாமல் கணக்கு பிசகி, சோறு அடிப்பிடிக்கிறது. எண்ணெய் ஊற்றி வெங்காயம் வதக்க முற்பட்டால், நீரே இல்லாத பாத்திரம் விரைவில் வரம்பைத் தாண்டிவிடுவதால் விசை பாதியில் மேலேறுகிறது. அதைக் கீழேயே நிறுத்தி வைக்க விசையில் எதையாவது செருகுவோர், கருவிக்குள் இறுதிக் காவலாக வைக்கப்பட்டிருக்கும் வெப்ப உருகியை எரியவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் போய் நிற்கிறார்கள். அந்த உருகிக்குப் பதிலாக வெறும் கம்பியை இணைத்துத் தருவது சில இடங்களில் நடக்கும் வழக்கம். தீவிபத்துக்கு இதைவிட நேர்வழி இல்லை. வெண்பொங்கல் போன்ற கெட்டிப் பண்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: பருப்பும் அரிசியும் மசிந்து குழம்பானதும் நீர் மேலும் கீழும் சுழல முடியாமல் போவதால், மேலே தளதளவென்று ஈரம் இருக்கும்போதே அடிப்பகுதி மட்டும் காய்ந்து சூடேற, குக்கர் வேலை முடிந்ததாக எண்ணி அணைந்துவிடுகிறது. மாறாக, இட்லித் தட்டை உள்ளே வைத்தால் இட்லி வெந்து கல்லான பிறகும் அடிநீர் தீரும்வரை அது ஓயாது.

மலையூர்களில் குக்கரின் இந்த அறியாமை வேறு வகையில் வெளிப்படும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அந்தக் குறைந்த சூட்டில் அரிசி வேக அதிக நேரம் பிடிக்கும், நீரோ வழக்கம்போல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கூடுதல் நீர் ஊற்றாவிட்டால் அங்கே குக்கர் அணையும், சோறு வெந்திருக்காது. உள்ளே அடைபடும் நீராவியின் அழுத்தத்தால் 120 டிகிரியளவு சூட்டை எட்டும் விசில் குக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை.

நீரின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றான பின், ‘ஒன்றுக்கு இரண்டரை’ என்பது போன்ற விகிதங்கள் ஏன் அடிக்கடி ஏமாற்றுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஊற்றும் நீரில் ஒரு பகுதி அரிசிக்குள் போகிறது, மறு பகுதி ஆவியாகிறது. முதல் பகுதி அரிசியின் அளவோடு சேர்ந்து வளரும், இரண்டாவது பகுதி அதே விகிதத்தில் வளர்வதில்லை. அதனால் ஒரு தம்ளர் அரிசிக்கு இரண்டரைத் தம்ளர் நீரில் பதமாக வரும் சோறு, நான்கு தம்ளர் அரிசிக்குப் பத்துத் தம்ளர் ஊற்றினால் குழைகிறது. அறுவடையாகிச் சில வாரங்களே ஆன புது அரிசி குறைந்த நீரிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய அரிசி மேலும் நீர் கேட்கும். புழுங்கல் அரிசியின் நிலை இன்னும் தனி. நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து அவித்துக் காயவைப்பதால் அதன் மாவுப்பொருள் ஒருமுறை இளகி மீண்டும் இறுகியிருக்கிறது. அந்த இறுக்கம் தளர நேரமும் நீரும் கூடுதலாக வேண்டும் என்பதால், அரைமணி நேரமாவது ஊறவைத்து, பச்சரிசிக்கு ஊற்றுவதைவிடக் கணிசமாக மிகுதியான நீரில் வைப்பதே பலனளிக்கும்.

தமிழ்நாட்டில் அன்றாடச் சோறு பெரும்பாலும் புழுங்கல் அரிசியில் ஆவது. பலர் வீட்டில் அது கஞ்சி வடித்த சோறாகவே இருக்க வேண்டும். ஜப்பானிய அரிசி குட்டையானது, ஒட்டும் தன்மையுடையது, நீர் முழுவதையும் உள்வாங்கி வேகவேண்டியது. குக்கர் பிறந்தது அந்த அரிசிக்கு. வடித்த சோற்றில் நீர் ஒருபோதும் தீருவதில்லை, தீருமுன் கொட்டப்படுகிறது. எனவே குக்கரில் நீரை நிறைய ஊற்றி வைப்பவர்கள், நுரை மூடித்துளை வழியே பொங்கி மேடையில் வழிவதையும், தாமே வந்து பதம் பார்த்து, விசையைத் தட்டி அணைத்து, பிடிதுணியோடு பாத்திரத்தைத் தூக்கிக் கஞ்சி வடிப்பதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்போது அந்த விலையுயர்ந்த கருவி தன் ஒரே அறிவையும் இழந்து வெறும் மின் அடுப்பாகிறது. கஞ்சியோடு தயமின் என்னும் பி1 வைட்டமினில் ஒரு பகுதியும் போய்விடுகிறது என்பது ஊட்டவியலாரின் குறை. பொலபொலவென்று உதிரும் சோற்றுக்குப் பழகிய நாக்கு அந்த வாதத்துக்கு எளிதில் இணங்குவதில்லை, இணங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

குக்கரோடு வரும் சிறு அளவுக் குவளை பெரும்பாலும் 180 மில்லிலிட்டர் கொள்வது. சமையல் குறிப்புகளில் வரும் கப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ‘கோ’ என்ற பழைய ஜப்பானிய முகத்தலளவை. பத்து கோ சேர்ந்தால் 1.8 லிட்டர் கொண்ட ஒரு ‘ஷோ’, கடைகளில் 1.8 லிட்டர் என்ற வினோதமான அளவில் குக்கர் விற்கப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது. தமிழரின் ஆழாக்கு சுமார் 168 மில்லிலிட்டர் என்பதைப் பார்க்கும்போது, ஒருவர் பசிக்கு ஒருபிடி அரிசியை அளந்த இரண்டு அரிசி நாடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது வியப்பளிக்கிறது.

மின்செலவு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 700 வாட் குக்கர் 35 நிமிடம் ஓடினால் செலவாவது சுமார் 0.4 யூனிட், அது இழுக்கும் மின்னோட்டம் 3 ஆம்பியர் அளவே என்பதால், நிலக்கம்பி இணைப்பு சரியாக இருக்கும் சாதாரண பிளக் பாயின்ட் போதும். கவனிக்கப்படாத செலவு ‘வார்ம்’ நிலையில் இருக்கிறது. விசை மேலேறிய பின் 40 வாட் அளவில் சூட்டைக் காத்துக்கொண்டிருக்கும் குக்கர், பத்து மணி நேரம் அப்படியே விடப்பட்டால் இன்னொரு முறை சோறாக்கும் மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது. சோறும் மஞ்சளித்து, ஓரங்களில் காய்ந்து, வாடை மாறுகிறது. ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடிய குக்கருக்குள்ளேயே சோற்றை விட்டுவைப்பது அதைவிடத் தவறானது. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, விதை போன்ற உறங்குநிலையில் கொதிநீரையும் தாங்கி அரிசியில் தங்கியிருந்து, சோறு 60 டிகிரிக்குக் கீழே மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகக் கூடியது. அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடாகவே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் விரைந்து ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெதுவெதுப்புதான் ஆபத்து.

மிஞ்சிய சோற்றுக்குத் தமிழர் கண்ட பழைய வழி, ஆறிய பின் நீரூற்றி இரவு முழுவதும் ஊறவைப்பது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அந்நீரைப் புளிக்கவைக்க, மறுநாள் காலையில் அது பழைய சோறாகிறது. குக்கர் சோற்றையும் அவ்வாறு வைக்கலாம். ஆனால் புளிநீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் மண்சட்டிக்கோ எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மாற்றிவிடுவது நல்லது. மாற்ற மறந்து, காலை அவசரத்தில் யாரேனும் பழக்கதோஷத்தில் விசையைத் தட்டிவிட்டால், குக்கர் அந்தப் பழையதையும் பொறுமையாகக் கொதிக்கவைத்து, நீராகாரம் முழுவதும் வற்றிய பிறகே ‘டக்’ என்று மேலேறும்.