நடுவர் எங்கே நின்று பார்க்க வேண்டும்?

மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, ஓட்டுநருக்கு இடப்புறம் உள்ள இருக்கையில் அமர்ந்து வேகமானியைப் பாருங்கள். முள் ஓர் எண்ணைக் காட்டும். நேர் எதிரே அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கோ அது வேறோர் எண்ணாகத் தெரியும். முள்ளுக்கும் முகப்புக்கும் இடையே உள்ள சிறு இடைவெளிதான் காரணம். ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் ஏற்படும் அதே இடமாறு தோற்றப் பிழைதான் இது. விளையாட்டில் இந்தப் பிழை ஓர் அணியின் வெற்றியையே பறித்துவிடலாம்!

மதுரை ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்க வளாகத்தில், 2025ஆம் ஆண்டு இறுதியில், ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் நடைபெற்றன. சென்னையிலும் ஆட்டங்கள் இருந்தன. ஹாக்கியில் களத்தில் நிற்கும் நடுவர்கள் இருவரே. ஆளுக்குப் பாதி மைதானம் பொறுப்பு. பந்து முழுவதுமாகக் கோல் கோட்டைக் கடந்தால்தான் கோல். பந்தின் விட்டமோ சுமார் 7.3 செ.மீ.தான்!

பெனால்டி கார்னர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நடுவர் கோல் கோட்டின் நேர்நீட்சியில் நிற்காமல், 1 மீட்டர் மைதானத்துக்குள் தள்ளி நிற்கிறார். அருகிலுள்ள கோல் கம்பம் அவரிடமிருந்து கோட்டின் திசையில் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. பந்து அந்தக் கம்பத்துக்கு அப்பால் 2 மீட்டரில், இடுப்பு உயரத்தில் பறந்து வருகிறது. வடிவொத்த முக்கோணங்களை நினைவுகூருங்கள். கம்பத்தை ஒட்டிச் செல்லும் அவருடைய பார்வைக்கோடு, பந்து வரும் இடத்தில் கோட்டுக்குப் பின்னால் 1 × 2 ÷ 5 = 0.4 மீட்டர், அதாவது 40 செ.மீ. விலகியிருக்கும். ஆகவே, கோட்டை 30 செ.மீ. தாண்டிய பந்தைத் தடுப்பாளர் அடித்து வெளியேற்றினாலும், நடுவருக்கு அது உள்ளே போகாததாகவே தோன்றும். கண்ணில் குறையில்லை, நின்ற இடத்தில்தான் குறை. கோட்டின் நேர்நீட்சியில் நின்றால் விலகல் சுழியாகிவிடும்.

அமெரிக்கக் கால்பந்தில் 'ஃபீல்டு கோல்' என்றொரு முறை உண்டு. உதைத்த பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலாக, இரு கம்பங்களுக்கு இடையே செல்ல வேண்டும். அதற்கு 3 புள்ளிகள். 1965 டிசம்பரில் கிரீன் பே, பால்டிமோர் அணிகள் மோதியபோது, கம்பத்தின் உச்சிக்கும் மேலே பறந்த பந்து உள்ளே சென்றதாகத் தீர்ப்பாயிற்று. அதனால் ஆட்டம் சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் கிரீன் பே வென்றது. தீர்ப்புச் சரிதானா என்ற சர்ச்சை ஓயவில்லை. மறு ஆண்டே கம்பங்களை உயர்த்தினார்கள். கம்பத்துக்கு ஒருவராக இரண்டு நடுவர்களை நிறுத்தினார்கள். ஏன் இருவர்? நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, கம்பத்துக்கு வெளியே உயரமாகப் பறக்கும் பந்தும் உள்ளே செல்வதுபோலத் தோன்றக்கூடும். கம்பத்தின் அடியில் நிற்பவருக்கு அந்த மயக்கம் இல்லை. அவரவர் கம்பத்துக்கு அவரவர் பொறுப்பு!

இன்று பெரிய போட்டிகளில் கேமராக்கள் துணை நிற்கின்றன. ஆனால் கேமராவுக்கும் இதே விதிதான்: சாய்வாக வைத்த கேமராவும் தவறாகவே காட்டும்.

உங்கள் பள்ளி மைதானத்தில் கேமரா இராது. அடுத்த முறை விசில் உங்கள் கையில் வரும்போது, கோட்டின் நேரே ஓடிப்போய் நில்லுங்கள். நியாயம் வழங்க நல்ல மனம் மட்டும் போதாது; சரியான இடமும் வேண்டும்.