இருவருக்குத் தெரிந்திருக்கட்டும்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று கூறித் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நிறைவடைகிறது. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். எந்த மருத்துவர் கைராசிக்காரர், எந்த மருந்து உடனே குணம் தருகிறது என்றெல்லாம் விசாரிக்கிறோம். நான்காமவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. வீட்டில் ஒருவர் திடீரென நோயுற்றால், அருகில் இருப்பவருக்கு என்ன தெரியும்? அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர் தெரியுமா? காப்பீட்டு அட்டை இருக்கும் இடம் தெரியுமா? மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க அவருக்கு உரிமை உண்டா? இக்கேள்விகளுக்கு விடையின்றித் தவிக்கும் குடும்பங்களை வங்கிக் கவுண்ட்டரில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆதலால் இம்முறை நலக் குறிப்புகளையும் எங்கள் இல்லத்துச் செய்தியையும் அந்த நான்காமவரை முன்னிட்டே எழுத எண்ணினோம்.

அளந்து எழுதி வைப்போம்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலி இல்லை, களைப்பு இல்லை என்பதால் அழுத்தம் சரியாக உள்ளது என்று கொள்ள முடியாது. அளந்து பார்ப்பது ஒன்றே வழி. 120/80 என்பதற்குக் கீழ் இருப்பது இயல்பான அளவு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரைக் காண வேண்டும். 30 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனை அரசின் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது.

வீட்டில் அளப்பவர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காப்பி, தேநீர், புகை, உடற்பயிற்சி கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, தேதியும் நேரமும் சேர்த்துக் குறித்து வைப்பது நலம். அளவு சீராகிவிட்டது என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்த மாத்திரையால்தான் அளவு சீரானது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மிக்சர், கருவாடு ஆகியவற்றில் இருப்பதும் இக்கணக்கில் சேரும்.

கட்டுக்குள் இல்லாத அழுத்தம் பக்கவாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையைத் தூக்க இயலாமை, பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும் 108 எண்ணை அழைக்க வேண்டும். மூளையின் இரத்தக் குழாயை அடைக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். எனவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று. இதற்கு விடை சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அருகில் இருப்பவரே.

எங்கள் இல்லத்துச் செய்தி

வங்கி அலுவலரின் குடும்பம் இடமாற்றத்தோடு வாழப் பழகிய குடும்பம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து நாக்பூருக்கு வந்தோம். தந்தையாருக்கு வயது 73. பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தாயாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. கோவையில் தெருமுனை மருந்துக் கடைக்காரருக்கே தந்தையாரின் மாத்திரைகள் மனப்பாடம். இங்கோ அதே மருந்து வேறு நிறுவனத்தின் பெயரில், வேறு நிறத்தில் கிடைத்தது. காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள் என்று நிறத்தை வைத்தே நினைவில் கொண்டிருந்த தாயாருக்கு அந்த அடையாளம் பயன்படாமல் போயிற்று.

ஆகவே வந்த முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். மாத்திரையின் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, எதற்காக என்பது, ஒவ்வாத மருந்து, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில். அவற்றின் கீழே தமிழில். ஒரு படியைப் பீரோவின் கதவில் ஒட்டினோம். மற்றொன்றைத் தந்தையார் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூலப்பெயர் தெரிந்ததனால் மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்கு வாங்கவும் முடிகிறது.

சென்ற மே மாதம் அத்தாளுக்கு வேலை வந்தது. நாக்பூரில் கோடை வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொடுவது புதிதன்று. ஒரு நண்பகலில் கட்டிலைவிட்டு எழுந்த தந்தையார் தலைசுற்றிச் சரிந்தார். நாங்கள் இருவரும் அலுவலகத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்தினர் தங்கள் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே தாயார் பீரோ கதவிலிருந்து பிரித்தெடுத்து வந்த தாளை மருத்துவரிடம் நீட்டினார். மாத்திரைகளுள் ஒன்று உடலிலிருந்து நீரை வெளியேற்றும் வகை. அதைக் கண்ட மருத்துவர், வெயிலும் அம்மாத்திரையும் சேர்ந்து நீர்ச்சத்தைக் குறைத்திருக்கக் கூடும் என்று கருதிப் பரிசோதித்து, உடனே சிரை வழியாக நீரேற்றினார். கோடைக்கு ஏற்ப மாத்திரையின் அளவையும் மாற்றியமைத்தார். நாங்கள் போய்ச் சேரும்போது சிகிச்சை தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

தந்தையார் இப்போது நலமாக இருக்கிறார். வங்கி ஆண்டுதோறும் வழங்கும் நாட்குறிப்பில் நாள் தவறாமல் அழுத்தத்தின் அளவை எழுதுகிறார். பக்கத்து வீட்டாருக்கும் அத்தாளின் படி ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

செலவுக்கு வழி

மருத்துவச் செலவு தொடர்பாக அண்மைக் காலத்தில் சில நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஆதாரைக் கொண்டு பதிவு செய்யலாம். உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே இது பொருந்தும்; திட்டத்தில் இணைந்த மருத்துவமனை அருகில் எங்கே உள்ளது என்பதை முன்பே அறிந்து வைக்க வேண்டும்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. முன்பே உள்ள நோய்களுக்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆயினும் காப்பீட்டு விண்ணப்பத்தில் அழுத்தத்தையோ நீரிழிவையோ மறைத்தல் கூடாது. மறைத்தது தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

நாமினி வேறு, கூட்டுக் கணக்கர் வேறு

சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு பெண்மணி வந்தார். கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்; முன்பணம் கட்ட வேண்டும். கணக்கில் போதிய பணம் இருந்தது. ஆனால் கணக்கு கணவர் பெயரில் மட்டுமே இருந்தது. பாஸ் புத்தகத்தைக் காட்டி, “நாமினி நான்தானே, ஏன் எடுக்க முடியாது?” என்று கேட்டார்.

பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். கணக்குதாரர் மறைந்த பின்னரே நாமினிக்கு அந்தப் பணத்தைப் பெறும் உரிமை வருகிறது. அவர் உயிரோடு இருக்கும்வரை, எத்துணை நெருக்கடி நேர்ந்தாலும், நாமினி என்ற முறையில் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. கூட்டுக் கணக்கில், ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்ற விதிமுறையில் பெயர் சேர்க்கப்பட்டவரே தம் கையொப்பத்தால் எடுக்க முடியும்.

அன்று அக்கணவர் நினைவோடு இருந்தார். நோயால் கையொப்பமிட இயலாதவரின் பெருவிரல் ரேகையை, வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். எங்கள் அலுவலர் ஒருவர் மருத்துவமனைக்கே சென்றார். மறுநாள் நண்பகலில் பணம் கிடைத்தது. நினைவிழந்த நிலையில் இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாட நேர்ந்திருக்கும்.

ஆகவே அன்றாடச் செலவுக்கான கணக்கையேனும் நம்பிக்கைக்குரிய ஒருவரோடு கூட்டுக் கணக்காக வைத்திருப்பது நலம். வைப்பு நிதியை முதிர்வுக்கு முன் எடுக்க எவரெவர் கையொப்பம் தேவை என்பதையும் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். நாமினி பதிவும் இன்றியமையாததே. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீடு தேடி வரும் வங்கிச் சேவை உண்டு. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழை வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் முக அடையாளத்தின் வழியாக அளிக்கலாம். அதற்கென்று ஓடிபி கேட்டு எவரேனும் அழைத்தால் சொல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.

சேர்ந்து பார்க்க மூன்று படங்கள்

நோயைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பெற்றோரிடம் பேச்செடுப்பது எளிதன்று. நல்ல திரைப்படம் அதற்கு ஒரு வாயிலைத் திறக்கும். 2015இல் வெளிவந்த ‘பிக்கு’ என்னும் இந்திப் படத்தில், மலச்சிக்கலையே உலகப் பிரச்சினையாகக் கருதும் முதிய தந்தையாக அமிதாப் பச்சன் வருகிறார். அவரைக் கவனிக்கும் மகளாகத் தீபிகா படுகோன். டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு அவர்கள் காரில் செல்லும் பயணம் சிரிக்கவும் வைக்கும், சிந்திக்கவும் வைக்கும். ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘ஆனந்த்’ 1971இல் வந்தது. தம் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டதை அறிந்தும் சுற்றியிருப்போரை மகிழ்விக்கும் நோயாளியாக ராஜேஷ் கன்னா நடித்தார். தமிழில், கே. பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’, 1965இல் வெளியானது. மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் அக்கதையில் நாகேஷின் நடிப்பை இன்றும் பார்க்கலாம். எங்கள் வீட்டில் ‘பிக்கு’வைப் பார்த்து முடித்த இரவில்தான் தந்தையார் தம் வைப்பு நிதி ரசீதுகள் இருக்கும் இடத்தைத் தாமாகவே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

மருந்துப் பட்டியல் ஒரு தாள். காப்பீட்டு அட்டை, ஆதார், இரத்த வகை, மருத்துவரின் எண், கணக்கு உள்ள வங்கிகளின் பெயர், நாமினி யார் என்பது மற்றொரு தாள். ஏடிஎம் இரகசிய எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டும் எதிலும் எழுத வேண்டாம். இரு தாள்களும் இருக்கும் இடம் வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். தனித்து வாழ்பவராயின் அந்த இரண்டாமவர் உடன்பிறந்தவராகவோ நம்பகமான அண்டை வீட்டாராகவோ இருக்கலாம்.

அடுத்த முறை பாஸ் புத்தகத்தில் வரவு பதிய வரும்போது, உங்கள் இல்லத்திலிருந்து இன்னொருவரையும் உடன் அழைத்து வாருங்கள். கணக்கு எந்த முறையில் உள்ளது, நாமினி பதிவாகியுள்ளதா என்பதை இருவர் முன்னிலையிலும் பார்த்துச் சொல்வோம். அதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.