வீட்டைப் பழுது பார்த்துப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதைப் பற்றி மட்டும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. புது வீடு கட்டும்போது நாம் வேறோரிடத்தில் குடியிருந்துகொண்டு, மாலை வேளையில் குடையும் கையுமாகப் போய்ப் பார்த்து வருகிறோம். பழுது பார்க்கும்போதோ, ஓர் அறையில் கொத்தனார் சுவரைக் கொத்திக் கொண்டிருக்க, அடுத்த அறையில் நாம் இலை போட்டுச் சாப்பிட உட்காருகிறோம். ரஸத்தில் மிதப்பது பெருங்காயமா, பழைய சுவரின் காரையா என்று ஆராய வேண்டிய நிலைமை அப்போதுதான் ஏற்படுகிறது.

இவ்வித வேலைகளுக்கு நாம் எத்தனையோ முன்யோசனை செய்கிறோம். நாள் பார்க்கிறோம். தரைக்கு எந்த நிறத்தில் ஓடு பதிப்பது என்பதற்காக மூன்று நாள் குடும்ப மகாநாடு கூட்டுகிறோம். தூசியைப் பற்றி மாத்திரம் ஒருவரும் யோசிப்பதில்லை. "வேலை முடிந்ததும் பெருக்கித் துடைத்துவிட்டால் போயிற்று" என்று சொல்லிவிடுகிறோம். துடைத்தால் போகிற தூசியும் உண்டு. துடைத்தாலும் போகாத தூசியும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்துகொள்வது குடும்ப க்ஷேமத்துக்கு மிகவும் அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத விரோதி

ஜன்னல் இடுக்கு வழியாக இருட்டறைக்குள் விழும் வெயில் கீற்றை நேயர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் ஆயிரமாயிரம் துகள்கள் கூத்தாடும். அந்தக் கூத்தைக் கண்டு சிந்தனையில் ஆழ்ந்தவர்களில் ஒருவர் ஜான் டிண்டால் என்னும் பௌதிக சாஸ்திரி. 1870-ஆம் ஆண்டில் அவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் "தூசியும் நோயும்" என்பது பற்றிப் பிரசங்கம் செய்தார். நிர்மலமான காற்று என்று நாம் எண்ணும் காற்றிலும் துகள்கள் நிறைந்திருப்பதை ஓர் ஒளிக்கற்றையின் உதவியால் அவர் நிரூபித்துக் காட்டினார்.

இந்தத் துகள்களை அளக்கும் அளவுக்கு மைக்ரான் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். 100 மைக்ரான் பருமனுள்ள துகள் பத்தடி உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்து சேரும். 10 மைக்ரான் துகளுக்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். 1 மைக்ரான் துகளோ, காற்று சிறிதும் அசையாமலிருந்தால்கூடப் பல மணி நேரம் அந்தரத்திலேயே சஞ்சரிக்கும். கொத்தனார் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டு போய்விடுவார். அவர் கிளப்பிவிட்ட நுண்தூசி நாம் படுத்து உறங்கும் வேளையிலும் நம்முடனேயே இருக்கும்.

பெரிய துகள்களை நம்முடைய மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. தும்மலும் சளியும் அவற்றை வெளியே தள்ளிவிடும். சுமார் 4 மைக்ரானுக்குக் குறைந்தவைதான் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூசி வீட்டைக் கெடுக்கும். தெரியாத தூசி ஆளைக் கெடுக்கும் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

கல்லுக்குள் இருக்கும் விஷம்

எல்லாத் தூசியும் ஒரே மாதிரியானதன்று. மணல், செங்கல், கான்க்ரீட், தரை ஓடு, கிரானைட் ஆகிய எல்லாவற்றிலும் சிலிக்கா என்னும் பொருள் இருக்கிறது. பளிங்குக் கல்லில் அது மிகக் குறைவு. கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இக்காலத்தில் சமையல் மேடைக்கு விரும்பிப் போடுகிறார்களே, குவார்ட்ஸ் என்று பெயர் பெற்ற செயற்கைக் கல், அதில் பெரும்பாலும் 90 சதவிகிதத்துக்கு மேல் சிலிக்காவே. கல் கல்லாக இருக்கும் வரையில் ஒரு கெடுதலும் இல்லை. அதை யந்திர வாளால் அறுக்கும்போது எழும் நுண்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களின் நுரையீரலில் வடு விழுகிறது. வடு விழுந்த இடம் மறுபடியும் மிருதுவாவதில்லை. சிலிக்கோஸிஸ் என்னும் இந்த வியாதியைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜினியா மாகாணத்தில் 1930-ஆம் ஆண்டில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் மலையைக் குடைந்து சுரங்க வழி அமைத்தார்கள். குடையப்பட்ட பாறை சிலிக்கா மிகுந்தது. தண்ணீர் விட்டுக் குடைந்தால் வேலை தாமதமாகும் என்று உலர்ந்தபடியே குடைந்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் நுரையீரல் வியாதியால் மாண்டார்கள். சிலிக்கா தூசி புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-இல் தீர்மானித்தது. ஆஸ்திரேலிய தேசத்தில் மேற்சொன்ன செயற்கைக் கல்லையே 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் தடை செய்துவிட்டார்கள். பல வருஷம் உழைத்த கிழவர்கள் மட்டுமல்லாமல், வாலிபர்களும் அந்தக் கல்லை அறுத்து நோயாளிகளானதே அதற்குக் காரணம்.

நம் வீட்டில் ஒரு மாத காலம் தூசி பறந்தால் நமக்குச் சிலிக்கோஸிஸ் வந்துவிடும் என்று நேயர்கள் பீதியடைய வேண்டியதில்லை. நமக்கு வரக்கூடியவை இருமல், கண்ணெரிச்சல், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் முதலியவையே. ஆனால் நமக்கு ஒரு மாதமாக இருப்பது கல்லறுக்கும் தொழிலாளிக்கு ஆயுள் முழுவதும் நடக்கும் விஷயம். இன்று நம் வீடு, நாளை எதிர் வீடு, மறுநாள் அடுத்த தெரு. வாசலில் குந்தி உட்கார்ந்து, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வெண்புகை மண்டலத்துக்கு நடுவில் அவர் கல்லை அறுக்கிறார். நாமோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம்.

வேலை முடிந்ததும் வெல்லக் கட்டியோ வாழைப்பழமோ தின்றால் தூசி இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை தொழிலாளிகளிடம் இருந்து வருகிறது. உணவு போகும் வழி வேறு. மூச்சு போகும் வழி வேறு. வாழைப்பழம் பசியைத் தீர்க்கும், நுரையீரலைக் கழுவாது. கைக்குட்டையும் பெரிய தூளைத்தான் தடுக்கும். காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் நூற்றுக்கு 95 பங்கையாவது வடிகட்டக்கூடிய என்-95 என்னும் முகமூடியே வேண்டும். அதுவும் மூக்கோடும் கன்னத்தோடும் இடைவெளியின்றிப் பதிந்திருக்க வேண்டும். அதை வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை.

வேலை தொடங்குமுன்

வீடு முழுவதையும் ஒரே சமயத்தில் கலைக்காமல், அறை அறையாக வேலையை நடத்தும்படி மேஸ்திரியிடம் முன்னதாகவே பேசிக்கொள்வது நலம். வேலை நடக்கும் அறையிலிருந்து புஸ்தகங்கள், துணிமணிகள், படங்கள் யாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். நகர்த்த முடியாத பீரோவையும் கட்டிலையும் பாலிதீன் விரிப்பால் மூடி, விளிம்புகளை ஒட்டுத்தாளால் ஒட்டிவிட வேண்டும். வெறுமனே பழைய புடைவையைப் போர்த்தினால் நுண்தூசி அதன் வழியாகவே இறங்கிவிடும்.

அறையின் வாசலுக்கு இரட்டைத் திரை கட்டுவது சிறந்த உபாயம். முதல் விரிப்பை நாற்புறமும் ஒட்டி, நடுவில் ஆள் நுழையுமளவு நெடுக ஒரு கீறல் கீறவேண்டும். இரண்டாவது விரிப்பை மேலே மாத்திரம் ஒட்டி அந்தக் கீறலை மறைக்குமாறு தொங்கவிட வேண்டும். வாசற்படியில் ஈரக் கோணிப்பை ஒன்றைப் போட்டு வைத்தால் காலில் ஒட்டிய தூசி அங்கேயே தங்கிவிடும். வேலை நடக்கும் வரையில் அந்த அறையில் குளிர்சாதன யந்திரத்தை இயக்கக் கூடாது. மேலே சுழலும் மின்விசிறியையும் போடலாகாது. தண்ணீர்த் தொட்டியின் மூடியும், சமையலறையில் அரிசி, பருப்பு, ஊறுகாய் வைத்திருக்கும் பாத்திரங்களின் மூடிகளும் இறுக்கமாயிருக்கட்டும். கைக்குழந்தைகளையும் இழுப்பு வியாதியுள்ளவர்களையும் சில நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

ஊதாதே, உறிஞ்சு!

1901-ஆம் ஆண்டில் ஹியூபர்ட் ஸெஸில் பூத் என்னும் ஆங்கில எஞ்ஜினீயர், தூசியைக் காற்றால் ஊதி அகற்றும் யந்திரம் ஒன்றைப் பார்த்தார். ஊதிய தூசி மறுபடியும் அங்கேயே படிவதைக் கண்டு, "உறிஞ்சினால் என்ன?" என்று யோசித்தார். நாற்காலியின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில் தூசி படிந்தது. தூசி உறிஞ்சும் யந்திரம் இவ்விதம் பிறந்தது.

இதே தத்துவத்தை நம் வீட்டிலும் அனுசரிக்கலாம். வேலை நடக்கும் அறையின் ஜன்னலில் ஒரு மேஜை விசிறியை வெளிப்புறம் பார்த்தபடி வைத்து, சுற்றியுள்ள சந்துகளை அட்டையால் அடைத்துவிட வேண்டும். விசிறி உள்காற்றை வெளியே தள்ளும். வீட்டின் மற்றப் பாகங்களிலிருந்து காற்று இந்த அறைக்குள் வரும். தூசி வீட்டுக்குள் திரும்பி வராது. அந்த ஜன்னல் அடுத்த வீட்டாரின் ஜன்னலை நோக்கியிருந்தால் இந்த உபாயத்தைக் கைவிடுவதே நட்புக்கு நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆயுதம் தண்ணீர். பழைய பூச்சை உடைக்குமுன் பூவாளியால் இலேசாக நனைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கல்லையும் ஓட்டையும் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும். ஆனால் மின்சார யந்திரத்தின் மேல் கண்டபடி தண்ணீர் ஊற்றுவது உயிருக்கு ஆபத்து. நீரோட்டத்துடன் அறுப்பதற்கென்றே செய்யப்பட்ட யந்திரமாயிருப்பதோடு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் வீட்டில் பொருத்தியிருக்க வேண்டும். சுவருக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் மாவு போன்ற தூசிக்கும் முகமூடி அவசியம்.

இரண்டு பொருள்களிடம் விசேஷ எச்சரிக்கை வேண்டும். ஒன்று, கதவு ஜன்னல்களிலுள்ள பழைய வர்ணம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லக்ஷத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்று இந்திய அரசாங்கம் 2016-இல் விதித்தது. அதற்கு முந்திய வர்ணத்தில் ஈயம் அதிகமாயிருக்கலாம். அதை உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்தே தேய்க்க வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மற்றொன்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு. அதை உடைக்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

துடைப்பத்துக்கு ஓய்வு

வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுத்து வீசிப் பெருக்குவது நம் வழக்கம். கீழே படிந்து சாதுவாயிருந்த தூசியை மறுபடியும் எழுப்பி விடும் காரியம் இது. முதலில் நீர் தெளித்து, இடிபாடுகளை அள்ளிச் சாக்கில் கட்டி, கையாலேயே கீழே இறக்க வேண்டும். மாடியிலிருந்து வீசலாகாது. ஓரிரவு அறையைச் சாத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வரவேண்டும். முதலில் விசிறியின் இறக்கைகள், பிறகு சுவர், பிறகு ஜன்னல், கடைசியில் தரை. துணியை அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால், தூசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றியவர்களாவோம்.

இத்தனைக்கும் ஆகும் செலவு, மொத்தச் செலவில் மிகச் சொற்பமே. ஆகையால் மேஸ்திரி மதிப்பீட்டுக் கணக்கு எழுதும்போது, சிமெண்டு, மணல், கூலி என்ற வரிகளுக்குக் கீழே "தூசிக்காக" என்று இன்னொரு வரியையும் எழுதச் சொல்லுங்கள். விரிப்பு, ஒட்டுத்தாள் ஆகியவற்றோடு, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நல்ல முகமூடிகளும் அந்த வரியில் அடங்கட்டும். மண்ணையும் இடிபாட்டையும் தலையில் சுமக்கும் சித்தாள் பெண்களை அப்போது மறந்துவிட வேண்டாம். கொத்தனார் சுவாசிக்கும் காற்றைத்தான் அவர்களும் சுவாசிக்கிறார்கள்.